இருபத்து மூன்றாம் வீட்டு வெயில்

மார்ச் 11, செவ்வாய்

நாற்பதாவது வீட்டிலும் சென்சார் மாட்டியாயிற்று. தீப்பெட்டி அளவுதான். கால் மணிக்கு ஒருமுறை அறையின் வெப்பத்தைக் குறித்து எங்கள் கணினிக்கு அனுப்பிவிடும். கோடை முடியும்வரை வீட்டுக்காரர்கள் அதைத் தொடக்கூடாது. நாங்களும் அந்த வீடுகளில் எதையும் மாற்றக்கூடாது. ஆய்வின் விதி அது.

கடைசியாகப் போனது இருபத்து மூன்றாம் எண் வீட்டுக்கு. தகரக் கூரை, ஒற்றை அறை. கதவோரம் தையல் மெஷின், சுவரோரம் கட்டில். கட்டிலில் தையல்காரம்மாவின் கணவர். லாரி ஓட்டியவர், பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில். “இது கெட்டுப்போனா எங்க மேல வருமா?” என்று தையல்காரம்மா கேட்டார். வராது என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

முப்பத்தொன்பது வயதில் முனைவர் பட்ட மாணவி நான். கைடு என்னைவிட ஐந்து வயது சின்னவர். நாலு பேர் முன்னால் நான் அவரை மேடம் என்கிறேன். யாரும் இல்லாதபோது அவர் என்னை அக்கா என்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

இருபத்து மூன்றில் ஏதோ அதிசயம். மற்றத் தகர வீடெல்லாம் மதியம் நாற்பதைத் தொடுகிறது. இது மட்டும் இரண்டு வாரமாக இருபத்தேழு, இருபத்தெட்டு. சென்சார் பழுதோ என்று பார்த்தேன். பழுதான மாதிரி இல்லை. காற்று வரும் வழியா? பக்கத்துச் சுவரின் நிழலா?

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வரைபடத்தையே பார்த்தார். அவருக்கு இது ஒப்பந்த வேலை, டிசம்பரில் முடிகிறது. “இது மட்டும் நிஜமா இருந்துச்சுன்னா அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் விடிவுகாலம்” என்றார்.

நேரில் பார்த்துவிட்டு எழுதலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

அனுப்பிவிட்டோம். முதல் வரியிலேயே இருபத்து மூன்றாம் வீடு.

ஏப்ரல் 8, செவ்வாய்

போய்ப் பார்த்தேன். போயிருக்கவே வேண்டாம். இல்லை, கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே போயிருக்க வேண்டும்.

நான் மாட்டிய ஆணியில் சென்சார் இல்லை. எங்கே என்று கேட்டதும் தையல்காரம்மா முகம் மலர்ந்து மூலையைக் காட்டினார். மண்பானையின் கழுத்தில் ஒரு சின்னப் பை. பூப்போட்ட துணி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது, வாயில் சுருக்குக் கயிறு. கைக்குழந்தைக்குத் தைத்த மாதிரி அத்தனை நேர்த்தி. அதற்குள்ளே என் சென்சார்.

“இந்த வெக்கையில அது தாங்குமாம்மா? கெட்டுப்போயிடும்னு பயந்து, நீங்க போன ஒரு வாரத்துலயே குளுமையா வெச்சிட்டேன்.”

கோபம்தான் வந்தது. யாரைக் கேட்டு எடுத்தீங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவர் கட்டிலைப் பார்த்தபடி, “அவர எங்கேயும் தூக்கிட்டுப் போக முடியல. இதையாவது...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

கட்டிலில் அவர், மார்பில் ஈரத்துண்டோடு. தலைக்கு மேலே கைக்கெட்டும் உயரத்தில் தகரம். என்னைப் பார்த்து ஒரு பக்க உதட்டால் சிரித்தார்.

“நல்லா வெச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நல்லா வெச்சிருக்கீங்களாம்! என்ன மனுஷி நான்?

ஏப்ரல் 9, புதன்

மேடமிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

இன்றும் இல்லை. அவர் துறைத் தலைவரிடம் வரைபடத்தைக் காட்டிவிட்டு, படியேறும்போது மெல்லப் பாடிக்கொண்டே வந்தார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. எப்படிச் சொல்வேன்?

ஏப்ரல் 12, சனி

சொல்லிவிட்டேன். பானை, பை, பஞ்சு எல்லாம்.

மேடம் கணினியைத் திருப்பி, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கருத்தரங்குக்காரர்களுக்குக் கடிதம் அடித்து, என்னைப் படிக்கச் சொன்னார். ‘அளவீட்டில் எங்கள் பிழை’ என்று இருந்தது. ‘மாணவியின் பிழை’ என்று எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நான் கிளம்பும்போதுதான் கேட்டார். “செவ்வாய்க்கிழமையே தெரியும்ல, அக்கா? எங்கிட்ட சொல்ல பயமா?”

பயமில்லை, நீங்க பாடிக்கிட்டு வந்தீங்க, அதான் — இப்படிச் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மேடமும் வந்தார். மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல், புரியும்படி எடுத்துச் சொன்னார். தையல்காரம்மாவின் கையில் இருந்த துணி மடியில் விழுந்தது. “நான் கெடுத்துட்டேனா?”

“தப்பு எங்களோடது. மாட்டினதோட போயிட்டோம். நடுவுல ஒருதரம் வந்து பாத்திருக்கணும்” என்றார் மேடம்.

பிறகு சென்சாரைக் கட்டிலுக்கு மேலே மாட்டலாமா என்று, தையல்காரம்மாவிடம் கேட்காமல், படுத்திருந்தவரிடமே கேட்டார். பதில் வர வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னார்: “மாட்டுங்க. எனக்கும்... பேச்சுத்துணை.” முதலில் சிரித்தது தையல்காரம்மாதான்.

ஏப்ரல் 16, புதன்

மதியம் மூன்று மணி, கட்டிலுக்கு மேலே: 41.2.

ஏப்ரல் 17, வியாழன்

41.6. எங்கள் ஆய்வறை ஏசியில் இருபத்து நாலு. சால்வையைப் போர்த்திக்கொண்டு அவருடைய நாற்பத்தொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே பிடிக்கவில்லை.

மேடமிடம் போய், கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கப் போகிறேன் என்றேன். அடித்தால் அந்த வீடு ஆய்வில் இருக்காது என்றார். தெரியும் என்றேன். பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“நாப்பதுல ஒண்ணு போனா முப்பத்தொம்பது. போகட்டும். ஆனா அந்த முப்பத்தொம்பதுல யார் யார் படுக்கையில இருக்காங்கன்னு நாம கேட்டோமா?”

கேட்கவில்லை. கூரை என்ன வகை, ஜன்னல் எத்தனை, ஃபேன் எத்தனை — எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருந்தது. எழுந்து போக முடியாதவர் எத்தனை பேர் என்பதற்கு இல்லை. படிவத்தைத் தயாரித்தது நான்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே என் வீட்டுக்காரர் ஏணியில். தகரம் சூடேறுவதற்குள் முடிக்க வேண்டுமே. இறங்கும்போது தலையெல்லாம் வெள்ளை. “அப்பாவுக்கு ஒரே நாள்ல வயசாயிடுச்சு” என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தையல்காரம்மா வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு, கட்டிலுக்கு மேலே ஒரு துணிக்கூரையே தைத்து வைத்திருந்தார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். எத்தனை நிறம்! படுத்திருந்தவர் ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மே 5, திங்கள்

நாங்கள் கேட்ட விதி மாற்றத்துக்கு நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டது. படுக்கையில் இருப்பவர் உள்ள வீட்டில் முப்பத்தெட்டைத் தாண்டினால் நாங்கள் வீட்டாரிடம் உடனே சொல்ல வேண்டும், வெப்பத்தைக் குறைக்க வழி செய்ய வேண்டும். போன வாரம் எல்லா வீட்டுக்கும் போன் போட்டோம். இன்னும் நான்கு வீடுகளில் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். ஆக, ஆய்வுக்கு மிஞ்சுவது முப்பத்தைந்து.

மேடத்தின் ஒப்பந்தம் நீளுமா என்று இன்னும் பதில் வரவில்லை. கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

மே 8, வியாழன்

இந்தக் கோடையிலேயே மோசமான வெயில் இன்றுதான். இருபத்து மூன்றாம் வீடு இப்போது கணக்கில் இல்லை. ஆனாலும் அந்தச் சென்சாரைக் கழற்ற இருவருக்கும் மனமில்லை. மூன்று மணிக்குப் பார்த்தேன்: 36.3. குளிர்ச்சி என்று சொல்லிவிட முடியாதுதான்.

போன் செய்தேன். தையல்காரம்மாவின் குரல் காற்று மாதிரி வந்தது. என்னம்மா ஆச்சு என்றேன்.

“தூங்குறாரு. மதியத்துல அவர் கண்ணு அசந்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா. மெஷினக்கூட நிறுத்திட்டேன்.”

சரிம்மா, சரிம்மா என்று நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். எதிர் மேஜையிலிருந்து மேடம் என்னவென்று கையால் கேட்டார். எழுந்து போய், அவர் காதருகே குனிந்து, அதே தாழ்ந்த குரலில் சொன்னேன்.