மேலே வைத்த பம்பு

செம்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சாதனாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பெங்களூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா, ஹாஸ்டல் குழம்பில் எண்ணெய் மிதக்கிறது என்றாயே, இப்போது பரவாயில்லையா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

தமிழில் கடிதம் வந்ததைப் பார்த்து உனக்குச் சிரிப்பு வரும். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். முதலில் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் ஆபீஸ் நோட் மாதிரி இருந்தது. அதில் யாருமே தப்புச் செய்திருக்கவில்லை, எல்லாம் தானாக நடந்திருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். இதை மெதுவாகப் படி. அவசரம் ஒன்றுமில்லை.

நம் கட்டிடத்தில் காலைத் தண்ணீர் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். ரீடெவலப்மென்ட் மீட்டிங்கில் செக்ரட்டரி என்னைப் பேச விடவில்லை. இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் லிஃப்டுக்குக் காத்து நிற்கப் பொறுமையில்லாமல் படியேறி வந்துவிட்டு அப்புறம் லிஃப்டைத் திட்டுகிறாள். உன் அறைக் கதவு மழைக்கு உப்பிக்கொண்டது. இழுத்துத்தான் சாத்த வேண்டியிருக்கிறது.

நீ பிளாக்ஸில் கட்டிய பொம்மைத் தீயணைப்பு வண்டி அந்த அறையில்தான் இருக்கிறது. கிளம்பும்போது, "யாருக்காச்சும் குடுத்துருங்கப்பா, இல்லன்னா கச்சரா டப்பாவில போட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். சரி என்றேன். இரண்டையும் செய்யவில்லை.

போன வாரம் உன் சிநேகிதி சஃப்ரீன் மாஹிமிலிருந்து வந்தாள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்குவதாக இருந்த வகுப்பை, பிள்ளைகளுக்குப் பிளாக்ஸில் வண்டி கட்டச் சொல்லிக் கொடுக்கிற அந்த வகுப்பை, தனியாகவே நடத்திப் பார்க்கப் போகிறாளாம். வண்டி கிடைக்குமா, தண்ணீர் அடிக்காவிட்டாலும் ஏணியாவது ஏறி இறங்குமே, பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று கேட்டாள். அம்மா டீ கொடுத்துவிட்டு, சாதனா ஏன் இப்படி ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள் என்று அவளிடம் கேட்டாள். அந்தப் பெண் அவளுடைய ஹிந்தியில் பதில் சொன்னாள். மாட்டுங்கா ஹாலில் வண்டியை ஓட்டிக் காட்டிய அன்று, நீங்கள் இரண்டு பேர் மட்டும் டாக்ஸியில் திரும்பி வரும்போது நீ சொன்னாயாம்: "அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாரு. அவருக்கே தெரியலன்னா இது ஆகுற காரியமில்ல."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். உங்களுக்கே தண்ணி காட்டின பம்பு போலிருக்கு என்றாள். நான் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன். வண்டி என்னுடையது இல்லை, சாதனாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சஃப்ரீனை அனுப்பிவிட்டேன்.

எனக்குத் தெரியும், சாதனா. முதல் நாளே தெரியும்.

வண்டியின் வயிற்றுக்குள் தண்ணீர் டப்பாவை வைத்தாய். நிஜ வண்டியில் பீய்ச்சுகிற குழாய் மேலேதானே இருக்கிறது என்று, பம்பை ஏணிக்குப் பக்கத்தில் உச்சியில் வைத்தாய். லேமிங்டன் ரோட்டில் நீ வாங்கிய அந்தச் சின்ன பம்பு தண்ணீரைத் தள்ளும், உள்ளே காற்று இருந்தால் கீழேயிருந்து இழுக்காது. தண்ணீர் தானாக வந்து அதற்குள் நிற்க வேண்டும். பக்கெட்டில் முக்கிப் பார்த்தபோது பாத்ரூம் சுவர் வரைக்கும் அடித்தது. வண்டியில் பொருத்தியதும் வெறுமனே சுற்றியது. காற்று வாங்கிக்கொண்டு சுற்றுகிற பம்பின் சத்தம் எனக்குப் பக்கத்து அறையிலிருந்தாலும் தெரியும். டிராம்பேயில் முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

நீ கேட்காமலும் இல்லை. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாய். "அப்பா, மோட்டர் சுத்துது, தண்ணி மட்டும் வரமாட்டேங்குது. என்னவா இருக்கும்?" நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கட்டுனது நீதான? நீயே பாரு" என்றேன். நீ பட்டனை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாய். பிறகு, "ஜானே தோ, விடுங்க" என்று போய்விட்டாய்.

மாட்டுங்கா நிகழ்ச்சிக்கு முந்தின சாயங்காலம் அது ஒரு தடவை அடித்தது, ஞாபகம் இருக்கிறதா? குழாயின் வாயில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தாய். அந்தத் தண்ணீர் பம்புக்குள் நின்றுகொண்டதால் டப்பாவிலிருந்து இழுத்துவிட்டது. நீ அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாய். என்னையும் பார்த்தாய். நான் "ம்" என்றேன். பம்பு நின்றதும் அந்தத் தண்ணீர் டப்பாவுக்கே இறங்கிவிடும், நாளை மறுபடி வெறும் பம்புதான் சுற்றும் என்று அப்போதே எனக்குத் தெரியும். மறுநாள் உன்னோடு டாக்ஸியில் வந்தேன். மடியில் வண்டியைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தாய். சயான் சிக்னலில் வெகுநேரம் நின்றோம். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாட்டுங்கா ஹாலில் நடந்தது உனக்கே தெரியும். நான் எங்கே இருந்தேன் என்பது மட்டும் தெரிந்திருக்காது. கடைசி வரிசையில், பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்திருந்த பெற்றோருக்குப் பின்னால் இருந்தேன். வண்டி தானாகத் திரும்பி, சிவப்புக் காகிதத் தீ ஒட்டிய அட்டை வீட்டின் முன்னால் போய் நின்றது. ஏணி எழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நீ பட்டனை அழுத்தினாய். சத்தம் மட்டும் வந்தது. மறுபடி அழுத்தினாய். முன்னால் இருந்த ஒரு வாண்டு, "தீதி, பானி கிதர் ஹை?" என்று தண்ணீரைக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது நீ தலையைத் தூக்கிக் கூட்டத்தில் என்னைத் தேடினாய். நான் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். அது கழன்றிருக்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்தேன். வாழ்நாளில் யாரிடமும் போய் நிற்காதவன், உன் அந்தேரி வேலைக்காக ஒருவனிடம் போய் நின்றேன். அதை இந்த வகுப்புக்காக நீ ஒரு மெயில் போட்டு விட்டுவிட்டு வந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாராவியில் தெருவிளக்கில் படித்தவன் என்று நான் ஆரம்பித்தாலே, அடுத்த வரியை நீயும் அம்மாவும் சேர்ந்து சொல்வீர்கள். பம்போடு கிடந்தவன் வீட்டிலேயே இருக்க, யூடியூபில் எவனோ ஒரு வெள்ளைக்காரப் பையனிடம் பாடம் கேட்டாய். இதெல்லாம் எனக்குக் கோபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை தோற்று வரட்டும், அப்புறம் சொல்லிக் கொடுப்போம் என்று நினைத்தேன். தோற்று வந்தாய். ஆனால் என்னிடம் வரவில்லை. பெங்களூருக்கு டிக்கெட் எடுத்தாய்.

பஞ்சாபகேசன் கதையை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று நீதான் கேலி செய்வாய். என் மேலதிகாரி, நான் எழுதிக் கொடுத்த கணக்கில் தப்பு இருப்பதை முந்தின நாளே பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்து, மறுநாள் கமிட்டியில் எல்லோர் முன்னாலும் கேட்டவர். அதோடு என் பிரமோஷன் போயிற்று. நீ சின்னவளாக இருந்தபோது ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "பஞ்சாபகேசன் அங்கிள் ஏன்ப்பா முன்னாடியே சொல்லல?" என்று கேட்டாய். மனுஷன் கெட்டவன், அதனால் சொல்லவில்லை என்றேன். அது சரியான பதில் இல்லையம்மா. சொல்லாமல் வைத்திருப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அது எனக்கும் தெரிந்துவிட்டது. அவருக்கு நானாவது வெறும் கீழ் உத்தியோகஸ்தன்.

சஃப்ரீன் வந்து போன மறுநாள் காலையில் வண்டியை எடுத்தேன். பக்கவாட்டில் சில பிளாக்ஸைக் கழற்றி, பம்பை டப்பாவின் அடிக்குச் சரியாகக் கீழே இறக்கி, குழாயை மட்டும் மேலே கொண்டுபோனேன். அம்மா குக்கரை இறக்குவதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை. பட்டனை அழுத்தியதும் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டர் நனைந்தது. பக்கத்தில் மாட்டியிருந்த என் இஸ்திரிச் சட்டையும் நனைந்தது. நான் திரும்பி உன்னைத்தான் தேடினேன். கரண்டியோடு வந்து நின்ற அம்மா கை தட்டிச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்தினாள்.

"இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

தெரியும் என்றேன். அவள் தரையைத் துடைத்தாள். நான் துணியை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. உன்னோடு போனில் பேசட்டுமா என்று சாயங்காலம் கேட்டேன். "போன்ல வேண்டாம். பேசுனா கடைசியில அவ மேலதான் குத்தம் சொல்லுவீய. எழுதிப் போடுங்க" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு உன்னைப் பற்றிக் கேட்கவும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான் பேசுகிறாள்.

பம்பை மறுபடி மேலேயே, நீ வைத்த இடத்திலேயே பொருத்திவிட்டேன். கழற்றிய பிளாக்ஸையும் நீ வைத்திருந்த நிறத்திலேயே மாட்டினேன். கழற்றுமுன் எடுத்து வைத்த போட்டோவைப் பார்த்துத்தான் மாட்டினேன். நான் சரிசெய்து அனுப்பினால் அது என் கெட்டிக்காரத்தனம் ஆகிவிடும். உன் வண்டியில் வேறு ஒரு குறையும் இல்லை. ஏணியை நீ திருப்புகிற விதம் எனக்கு வந்திருக்காது. இதையும் அன்றே சொல்லியிருக்கலாம்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு முகமில்லை. அது உனக்குப் பிடித்திருந்தால் இரு. ஆகாத காரியம் என்று நினைத்துப் போயிருந்தால், அந்த நினைப்பு மட்டும் வேண்டாம். சஃப்ரீன் இன்னும் வேறு ஆளைத் தேடவில்லை. அவளுக்கு வண்டியைக் கொடுக்கலாமா என்று மட்டும் ஒரு வரி எழுது. என் பெயருக்கு எழுதப் பிடிக்காவிட்டால் அம்மாவுக்கு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும், யார் உதவாவிட்டாலும் நடக்க வேண்டும். என்றைக்காவது ஒன்று ஓடாமல் நின்றுபோனால், என்னவா இருக்கும் என்று என்னை இன்னொரு தடவை கேளம்மா. பேப்பரை மடித்து வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

உன் அப்பா,
காளிராஜ்