ஓடாத நண்டுகள்

மதினி,

பக்கத்து வீட்டில் இன்று நண்டுக் குழம்பு. கரிசல் புழுதி பறக்கும் கோவில்பட்டியில் அந்த வாசம் சுவரேறி வந்தது. பின்னாலேயே நீங்களும் நினைவில் வந்துவிட்டீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நீங்கள் முழுகாமல் இருந்தீர்கள். மசக்கைக்கு ஊரே மாங்காய் கேட்கும். எங்கள் அண்ணன் பெண்டாட்டி கேட்டது நண்டு! கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்றார் அம்மா. குளத்தூர்ப் பக்கத்திலிருந்து உங்கள் அப்பா, கழிமுகத்து அலையாத்திக் காட்டில் பிடித்ததை ஈரச் சாக்கில் கட்டி பஸ்ஸில் அனுப்புவார். ஓட்டுக்கடியில் கொழுப்பாக இருக்கும் மஞ்சளை விரலால் வழித்து வழித்துச் சாப்பிடுவீர்கள்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்கு மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கிற வேலை. ஒருநாள் உங்கள் சாக்கிலிருந்து இரண்டு நண்டுகளை விளையாட்டாக எடுத்துப் போனேன். சதையில் அதிகம் இல்லை. அந்த மஞ்சளில்தான் ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள் சேர்ந்து கிடந்தன. எங்கிருந்தோ வந்த கழிவு சேற்றில் படிந்து, சேற்றிலிருந்து நண்டுக்குள் ஏறியிருந்தது. பதறிப்போய்ச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"நண்டே கொழுகொழுன்னு இருக்கு கொழுந்தனாரே. அதுக்கு வராத நோவு எனக்கு வரப்போவுதாக்கும்?"

நீங்கள் பிறந்த வீட்டுக்குப் போனபோது, சோதனைக்குச் சேறு எடுக்க நானும் கூட வந்தேன். உச்சி வெயில். காட்டில் ஒரு குருவிச் சத்தம் கூட இல்லை. வளைகளுக்கு வெளியே நண்டுகள் நின்றன. ஆள் நிழல் பட்டாலே உள்ளே ஓடி மறைகிறவை. நம் நிழல் அவற்றின் மேல் விழுந்தது, ஒன்றும் அசையவில்லை. கண்களை நீட்டி நம்மையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றை வெறுங்கையால் எடுத்தீர்கள். அது கடிக்கவும் இல்லை.

"ஏன் கொழுந்தனாரே ஓடமாட்டேங்கு?"

அந்தச் சேற்றிலேயே விளையாடி வளர்ந்த உங்களுக்கு முகம் வெளுத்துவிட்டது. திரும்பும்போது ஒன்றுதான் கேட்டீர்கள். "எம் பிள்ளைக்கும் போயிருக்குமோ?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

அதன்பின் நீங்கள் நண்டைத் தொடவில்லை. மகள் பிறந்தாள், குறை ஒன்றும் இல்லை. யார் சொல்லியும் நீங்கள் நம்பவில்லை. தொட்டிலுக்கு மேலே கையை வீசி, அவள் முகத்தில் நிழல் விழ வைப்பீர்கள். அவள் கண் சிமிட்டும்வரை அப்படியே நிற்பீர்கள். அவள் பள்ளிக்கூடம் போன பிறகும், தூங்கி எழுந்த முகத்தின் மேல் உங்கள் கை ஒருமுறை போய்வரும். பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

நீங்கள் கண் மூடிய பிறகு உங்கள் மகளுக்கும் ஒரு பெண் பிறந்தது. பார்க்கப் போயிருந்தேன். தொட்டிலருகே குனிந்து, குழந்தையின் முகத்துக்கு மேலே கையை மெல்ல வீசினாள்.

"எதுக்குட்டி இப்படிச் செய்யுதே?"

"தெரியல சித்தப்பா. அம்மா செய்வாவ. செய்யாட்டா எனக்கு ஒறக்கம் வரமாட்டேங்கு."

அந்த நண்டுகளைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை மதினி, இனியும் சொல்லமாட்டேன். அது என்னோடு இருக்கட்டும். அவள் கை நிழல் பிள்ளையின் முகத்தில் நின்றது. நானும் நின்று பார்த்தேன். பிள்ளை கண் சிமிட்டியது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.