இந்த வருஷமும் அதே மார்க்

அன்புள்ள அம்மாவுக்கு,

லூசியானா வெயிலில் உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

ஒரு வேடிக்கை கேள். ஃபுட்பால் சீசனுக்கு முன் டீம் டாக்டர் எங்கள் ஞாபகசக்தியைச் சோதிப்பார். நாங்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி வைப்போம். அப்போதுதான் பிறகு தலையில் அடிபட்டுச் சோதித்தாலும் மார்க் முன்னதைவிடக் குறையாது, ஆட விடுவார்கள். ஒன்பது வருஷம் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்டி மோதியாகிவிட்டது. இந்தத் தடவை ரோஷம் வந்து ஒழுங்காகவே சொன்னேன். அதே மார்க்!

டாக்டர் சிரித்தார்: "உன் தில்லாலங்கடி எனக்குத் தெரியாதா? போடா, போய் ஆடு!"

பக்கத்திலிருந்தவன், "நல்லா நடிக்கிறடா!" என்று முதுகில் தட்டினான். நானும் சிரித்து வைத்தேன்.

அக்கா பிள்ளைகளின் படம் அனுப்பும்போது பின்னால் யார் யாரென்று பெயர் எழுதி அனுப்பு. பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், முதல் ஆட்டத்துக்குக் கிளம்புகிறேன்.

அக்கா பெயரையும் எழுது.

உன் மகன்,
கோர்டெல்