என்னிடமிருந்தே எடுத்தார்கள்

அக்காவுக்கு,

என் அரிவாள் செல் இரத்த நோய்க்கு, இரத்தத்தை உண்டாக்கும் உன் ஸ்டெம் செல்லைக் கேட்டபோது, "அவ பிள்ளை பெக்கணும், ஊசி கீசி குத்த விடமாட்டோம்" என்றார் உன் மாமியார். அந்த மடத்தனத்தை நீயும் மறுக்கவில்லை. இரண்டு வருடமாக நீ நம் ஊர் நெடுங்காட்டுப் பக்கமே வரவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைப் போட்டு, என் எலும்புக்குள் இருந்த ஸ்டெம் செல்களையே இரத்தத்துக்கு வரவழைத்தார்கள். ஒரு கையிலிருந்து இரத்தம் போய், இயந்திரத்தைச் சுற்றி, மறு கைக்குத் திரும்பியது. பையில் தக்காளி ரசம்போல ஏதோ சேர்ந்தது. கண்ணெடுக்காமல் பார்த்தேன்.

"எங்கக்காகிட்ட கேட்டது இதானாங்க? அவங்க வீட்ல பயந்து வேணாம்னுட்டாங்க."

நர்ஸ் சிரித்தார். "இதேதாங்க. இதுக்கா பயந்தாங்க?"

குணமாகுமா என்று தெரியாது. என் செல்களின் கோளாறைத் திருத்தி எனக்கே திரும்ப ஏற்றுவார்களாம்; அதற்குப் போதுமான செல்கள் கிடைக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைதான் இது. கிடைத்தன.

எப்படியானாலும் இனி உன்னிடம் கேட்கமாட்டேன். பொங்கலுக்கு வா. அத்தானும் வரட்டும், ஊசி போடமாட்டோம்.

உன் தம்பி