கேப்புக்குள் கிராம்பு வாசனை

சித்தி,

சாத்தூர் காராச்சேவைக் கடித்தபோது கடைவாய்ப் பல்லில் மாட்டியிருந்த பீங்கான் கேப் கழன்று கையில் வந்துவிட்டது. பீங்கானில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே ஒட்டியிருந்த வெள்ளைப் பசையை முகர்ந்தேன். கிராம்பு வாசனை. பல் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும்போது உங்கள் கைகளில் வீசுமே, அதேதான். அந்தச் சின்னக் குழிக்குள் நீங்கள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

அம்மா தூங்குகிறாள். அடுப்படியில் ஒளிந்து இதை எழுதுகிறேன். கேப் விழுந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவாள்.

கேப் மாட்டிய அன்று பசை குழைத்தது நீங்கள். "அம்மா புஸ்வாணக் குழாய்க்குப் போடுற மைதாப் பசை மாதிரியே இருக்கு சித்தி" என்றேன்.

"ஏ பிள்ள, மெதுவாப் பேசு. டாக்டர் காதுல விழுந்தா பசைக்கு உங்கம்மா பட்டாசுக் கம்பெனிக்கே ஆர்டர் குடுத்துருவாக."

சிரித்துவிட்டுச் சொன்னீர்கள்: "இது சும்மா ஒரு வாரத்துக்கு. கடி சரியா இருக்கானு பாத்துட்டு கெட்டிப் பசை போடுவோம். பீங்கானுக்கு வளையத் தெரியாது. அடியில இருக்குற பல்லும் பசையும் அசையாமத் தாங்கணும். இல்லேன்னா கடிக்கக் கடிக்க விரிசல் விட்டுரும்."

அந்த வாரம்தான் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரியிலிருந்து நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. நானும் பல் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

சற்றுமுன் அம்மாவின் பசைச் சட்டியை எடுத்தேன். புத்தக அட்டை, கிழிந்த காலண்டர் என்று எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் ஒட்டுவது அதுதானே. தீக்குச்சியில் தொட்டு கேப்புக்குள் தடவப் போனபோது மறுபடியும் அந்த வாசனையும் உங்கள் குரலும்: "கெட்டிப் பசை போடும்போது இந்தக் கிராம்புப் பசையைத் துளி விடாம எடுத்துருவோம். மிச்சம் இருந்தா கெட்டிப் பசை பிடிக்காது."

எனக்கு ஊசி பயமில்லை சித்தி. இதுதான் பயம். உங்கள் கை குழைத்ததில் மீதி இவ்வளவுதான் இருக்கிறது. அதையும் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

ஆனால் மைதா எச்சிலில் கரைந்துவிடும். கேப் ஆடும். ஒருநாள் விரிசலும் விடும். குச்சியைப் போட்டுவிட்டேன். கேப்பைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். விடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

எச்சில் படக்கூடாது என்று அன்று என் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்து, "நாக்கைத் தூங்க வைடி" என்றீர்கள். நாக்கு தூங்கியது. மேலே விளக்கு நிலா மாதிரி மிதந்தது. நானும் பாதி தூங்கிப்போனேன்.

இப்போது வாயைத் திறந்து, நாக்கை ஓரத்தில் தூங்க வைத்துப் பார்த்தேன். நாக்கு மறக்கவில்லை. நாளை யார் கன்னத்தைப் பிடித்தாலும் அது விழிக்காது.