மூன்றாவது கூப்பாட்டுக்குப் பிறகு

என் ஆசை மாமா யூசுப்,

நீ போய் ஆறு வருடம் ஆகிறது. "என்னா மாப்ள, லெட்டர் கிட்டரெல்லாம் பலமா இருக்கு, ரிட்டயர் ஆனா இப்படித்தான் ஆவாங்களோ?" என்று நீ கேட்பது எனக்குக் கேட்கிறது. கேட்டுக்கொள். ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கைச் சரிபார்த்தே காலத்தை ஓட்டியவனுக்குக் கடிதம் எழுத வராதுதான். ஆனாலும் இதை எழுதாமல் என்னால் முடியவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. ஊரின் பெயரையே மாற்றிவிட்டார்கள். நாங்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறோம், ஆட்டோக்காரனும் அதைத்தான் சொல்கிறான். கடலுக்கடியில் கேபிள் போட்டு இன்டர்நெட் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு பாட்டைத் திறந்துவிட்டு டீ குடித்துத் திரும்பினாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்குமே, அந்தக் காலம் போய்விட்டது. பஜாரில் உன் எலக்ட்ரிக் கடையை நஸ்ரின்தான் நடத்துகிறாள். உன் மகள் உன்னைவிடக் கறார். மிக்சி ரிப்பேருக்கு வந்தவன் வாயைத் திறந்து பேரம் பேசினால், மிக்சியைத் திரும்ப அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறாள்.

சொல்ல வந்தது இது இல்லை. நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன், மாமா. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இதை வேறு சிலரும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

கிரே ஆன்வில் என்று ஒரு இங்கிலீஷ் ராக் பேண்ட். எழுபதுகளில் மூன்றே மூன்று ரெக்கார்டு போட்டுவிட்டுக் கலைந்துபோனார்கள். அவர்களோடு கிளம்பிய மற்ற பேண்டுகளின் படம் போட்ட பனியன் இன்றைக்கும் நம் பஜாரில் தொங்குகிறது. இந்த நாலு பேருக்கு ஒரு கைக்குட்டைகூட இல்லை. அந்த டிரம்காரன் அடிப்பது, கப்பலின் இரும்பு மூடியை மேலிருந்து போட்டது போல நெஞ்சில் விழும். பாடுகிறவனுக்குத் தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும். அந்தக் கட்டின தொண்டையோடு அவன் உயரப் போகும்போது நமக்குத்தான் மூச்சு வாங்கும். இவர்களை உலகம் ஏன் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை என்று நீ கேட்காத ஞாயிற்றுக்கிழமை உண்டா?

அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தவன் உன் தம்பி ஜமால். மெட்ராஸில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வெறும் கேசட்டைக் கொடுத்து, "எதாச்சும் சத்தமா போட்டுக் குடுங்க" என்று சொல்லிப் பதிந்து வாங்கி, கப்பலில் நாலு நாள் வாந்தியோடு கொண்டுவந்து சேர்த்தான். ஞாயிறு மதியம் பிரியாணி ஆனதும் உன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நீ, நான், ஜமால், சிப்பிகாட் கிராமத்திலிருந்து காய்கறியோடு வரும் வங்காளி அண்ணன் பிஸ்வாஸ் தாதா, நாலு பேரும் உட்கார்வோம். கேட்கிறவனுக்கெல்லாம் நீ அந்தக் கேசட்டைக் காப்பி எடுத்துக் கொடுத்தாய். கப்பல் சமையல்காரன், ஸ்கூல் டீச்சர், லைட்ஹவுஸ்காரன் என்று யார் யாரோ வாங்கிப் போனார்கள். இந்தத் தீவில் கிரே ஆன்வில் கேட்டவர்கள் எல்லாருமே உன் கேசட்டின் பிள்ளைகள்.

அதில் கடைசிப் பாட்டைத்தான் நாம் 'அண்ணன் பாட்டு' என்போம். தம்பி படகில் போய்விட்டான். அண்ணன் விளக்கோடு கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். ஒரு தரம். இரண்டாம் தரம். கிடார் ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் தரம் கூப்பிடும்போது பாட்டு பட்டென்று நின்றுவிடும். டேப் அங்கே தீர்ந்திருந்தால் நமக்கே புரிந்திருக்கும். தீரவில்லை. அதற்கப்புறமும் மூன்று நிமிடம் ஓடும், ஸ்ஸ் என்று ஒரு இரைச்சலோடு. வேறு ஊர்க்காரனாக இருந்தால் பதிவு கெட்டுப்போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பான். நாலு பக்கமும் தண்ணீரை வைத்துக்கொண்டிருந்த நமக்கு அது கடல் சத்தமாகத்தான் கேட்டது. "பாத்தியா மாப்ள, கடல் சத்தத்தைப் போட்டு முடிக்கிறானுங்க. என்னா மூளைடா இவனுங்களுக்கு!" என்று நீ மெச்சிக்கொண்டாய். பிஸ்வாஸ் தாதா கண்ணை மூடிக்கொண்டு "ஸமுந்தர், ஸமுந்தர்" என்று தலையாட்டுவார்.

அப்புறம் ஜமால் தெற்கே வேறொரு தீவில் இருக்கும் ஹட் பேக்கு வேலைக்குப் போனான், பாமாயில் தோட்டத்துக்கு. சுனாமி வந்தது. அவன் கிடைக்கவே இல்லை.

இரண்டு வருடம் ஹட் பே கப்பல் வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் நீ கப்பல்துறையில் நின்றாய். நான் டியூட்டியில் இருந்தால் சரக்குப் பேப்பரைப் பார்க்கிற சாக்கில் உன்னைப் பார்க்காமல் இருக்கப் பார்ப்பேன். கடைசி ஆள் இறங்கி, ஏணியை எடுத்த பிறகும் நிற்பாய். உன்னிடம் வந்து பேச எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

பிறகு ஒரு ஞாயிறு. அதே பாட்டு, அதே இடத்தில் நின்றது. இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. நீ என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "இவனுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு மாப்ள. பாதியிலதான் நிக்கும். பதிலெல்லாம் வராது. அப்புறம் கடல் சத்தம் மட்டுந்தான்." அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜமாலுக்காக, இறந்தவர்களுக்கான தொழுகையை வைத்தாய். அடுத்த ஹட் பே கப்பலுக்கு நீ வரவில்லை. அந்தப் பாட்டு உன்னைக் கரையேற்றிவிட்டது என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அதற்கப்புறம் சில வருடம் கழித்து என் வீட்டுக்காரியின் கண் ஆபரேஷனுக்கு மெயின்லேண்டுக்கு, மெட்ராஸுக்குப் போனோம். மச்சான் பையனின் கம்ப்யூட்டரில் கிரே ஆன்வில் என்று தட்டச் சொன்னேன். அண்ணன் பாட்டு வந்தது. மூன்றாம் கூப்பாடு வந்தது.

பாட்டு நிற்கவில்லை, மாமா.

ரெக்கார்டிங் சென்டரில் அன்றைக்குக் கரண்ட் போயிருக்கலாம், ஊசி தடுக்கியிருக்கலாம், யாருக்குத் தெரியும்? நாம் இருபது வருடமாகக் கடல் என்று கும்பிட்டது வெறும் டேப். பாட்டில் இன்னும் நாலு நிமிடம் மீதி இருந்தது. அந்த நாலு நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு முடித்ததும், மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னேன். ஊருக்குத் திரும்பி உன் கடைக்கு வந்தேன். நீ டீ சொன்னாய். கம்ப்யூட்டரில் எல்லாப் பாட்டும் இருக்கிறது என்றேன், அண்ணன் பாட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. காத்திருப்பதை ஒருவழியாக விட்டுவிட்ட மனுஷனை மறுபடி கப்பல்துறையில் கொண்டுபோய் நிறுத்துவதா என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம், ஒரு மத்தியானம், நீயாகவே கேட்டாய்.

"மாப்ள, மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல எல்லாப் பாட்டும் இருந்துச்சுன்னியே. நம்ம அண்ணன் பாட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எப்படி முடியுது?"

"நம்ம கேசட்ல மாதிரியேதான் மாமா."

"கடல் சத்தத்தோடயா?"

"ஆமா. கடல் சத்தத்தோடதான்."

நீ மின்விசிறிப் பக்கம் திரும்பிக்கொண்டாய். "சரிடா" என்றாய். அந்த 'சரிடா'வுக்கு என்ன அர்த்தம் என்று ஆறு வருடமாக நினைத்துப் பார்க்கிறேன். நிம்மதியா? ஏமாற்றமா? நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துவிட்டதா?

போன வாரம் நஸ்ரின் கூப்பிட்டு அனுப்பினாள். உன் நினைவுநாளுக்கு எங்களுக்குப் போட்டுக்காட்டலாம் என்று அந்தப் பாட்டை போனில் தேடியிருக்கிறாள். பிஸ்வாஸ் தாதாவும் வந்திருந்தார், இப்போது கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். முழுப் பாட்டும் ஓடி முடிந்தது. தாதா திகைத்துப்போய், "அரே செல்வம், யே தோ தூஸ்ரா கானா ஹை!" என்றார். வேறே பாட்டாம். பாவம், அவருக்கு அப்படித்தான் இருக்கும்.

நஸ்ரின் என்னையே பார்த்தாள். "சாச்சா, வாப்பா இத முழுசா கேட்டாங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மெட்ராஸ், ஆஸ்பத்திரி, எல்லாம். "உங்க வாப்பா காத்திருக்கறத விட்டுட்டாரும்மா. அதான் நான் சொல்லல" என்றேன்.

அவள் உள்ளே போனாள். ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிவந்து கவுண்டரில் வைத்தாள். உள்ளே சட்டைகள். ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத புதுச் சட்டைகள்.

"பெருநாளைக்குப் பெருநாள் ஒண்ணு எடுப்பாங்க. நாப்பத்திரண்டு சைஸ். வாப்பாவோட சைஸ் முப்பத்தெட்டு. கடைசி நோன்புப் பெருநாளைக்கும் எடுத்தாங்க. அவங்க ஹார்பருக்குப் போறதத்தான் விட்டாங்க சாச்சா. காத்திருக்கறத எங்க விட்டாங்க?"

திட்டுகிற குரல் இல்லை அது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏன் மாமா என்னிடம் சொல்லவில்லை? தினம் பார்த்தோமே. ஒரே டம்ளரில் டீயைப் பாதி ஆற்றிக் குடித்தோமே. நான் பாவம் என்று நீ மறைத்தாயா? நீ பாவம் என்று நான் மறைத்தது போல? ஜமால் பருமனான பையன், நாற்பத்திரண்டுதான் போடுவான் என்று எனக்கும் தெரியும். அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று, எழுபதை நெருங்கும் கிழவன், பஜாரில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

ஒரு ஆறுதல் சொல்லட்டுமா? நஸ்ரின் போனில் அந்தப் பாட்டுக்குக் கீழே உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். 'இவர்களை எப்படித் தவறவிட்டோம்' என்று ஒருவர். 'செத்துப்போன என் அப்பாவுக்குப் பிடித்த பேண்ட்' என்று ஒரு பெண். நாம்தான் தனி என்று நினைத்திருந்தோம், இல்லையா? நானும் நஸ்ரினை ஒரு வரி எழுதச் சொன்னேன்: 'அந்தமானில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். பாதிப் பாட்டைத்தான் கேட்டோம். அதுவே எங்களுக்கு ஆயுசு பூராவும் வந்தது.' யாரோ ஒருவர் அதற்கு ஒரு இதயம் போட்டிருக்கிறார்.

இனி நீ ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

மூன்றாம் கூப்பாட்டுக்குப் பிறகு டிரம் மட்டும் அடிக்கிறது, மெதுவாக, துடுப்புப் போடுகிற தாளத்தில். அண்ணன் விளக்கை உயர்த்திப் பிடிக்கிறான். அப்போது தண்ணீரிலிருந்து ஒரு குரல் வருகிறது, மாமா. தம்பியின் குரல். அவன் தன் பெயரைச் சொல்லவில்லை, அண்ணன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறான். படகு மணலில் ஏறுகிறது. இரண்டு பேரும் சேர்ந்து பாடுகிறார்கள். அதோடு முடிகிறது.

கடைசியில் கடல் சத்தமே இல்லை.

நீ போன இடத்தில் அவன் உனக்கு முன்னாலேயே வந்து நின்றிருப்பான் என்று நம்புகிறேன். அந்தச் சட்டைகளை நஸ்ரின் ஹட் பேக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அடுத்த கப்பலில் நானே கொண்டுபோகிறேன், நாற்பத்திரண்டு சைஸ் ஆட்கள் அங்கே இருக்கத்தான் செய்வார்கள். திரும்பி வந்து கப்பல்துறையில் இறங்கும்போது, கடைசி ஆளாக இறங்குவேன். ஏணியை எடுக்கும் வரை யாராவது அங்கே நின்றால், இந்தத் தடவை பக்கத்தில் போய் நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஹேடோவிலிருந்து,
உன்னிடம் ஒரே ஒரு பொய் சொன்ன
உன் மாப்ள செல்வம்