லாசரின் மகன்

லிங்கராஜபுரம், பெங்களூரு
18 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பி ஆஷ்லிக்கு,

சென்ற மாதம் 29ஆம் தேதி ஜெர்மனியில் அங்குள்ள நீதிமன்றம் உன்னை எபர்ஹார்ட் மாமாவின் தத்துப்பிள்ளையாக அறிவித்திருக்கிறது. நேற்று தொலைபேசியில் இதை உறுதிப்படுத்தியவர் மாமாவின் வழக்கறிஞர். அதற்கு முன்பே அந்த ஊர்ப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில், ராவென்ஃபெல்ட் மாளிகைப் படிக்கட்டில் நீ நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டேன். ‘வம்சத்தின் புதிய வாரிசு’ என்று கீழே போட்டிருந்தது. இருபத்தைந்து வருடம் நிருபராக இருந்தவள் நான். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை.

நாற்பத்தாறு வயதில் தத்து. நம் பெற்றோருடன் உனக்கிருந்த சட்ட உறவு அத்துடன் முடிந்தது என்றும் வழக்கறிஞர் சொன்னார். திருப்பிக் கேட்டேன். முழுவதுமாக முடிந்தது என்றார்.

அம்மா பிறந்த வீடு அது. 1974இல் பீன்யா தொழிற்சாலை ஃபிட்டர் லாசரைக் கட்டிக்கொண்டதற்காக, ‘தகுதிக்குக் கீழே மணந்தவள்’ என்று எல்லாப் பங்கையும் பறித்து அனுப்பிய வீடு. கோமகள் தெரேசியா நம் தெருவில் தெரேசம்மாவாகி, ரேஷன் கடை வரிசையில் கன்னடத்தில் சண்டை போடக் கற்றுக்கொண்டது அப்படித்தான். அந்த வீட்டின் காட்டுக்காகவும் மாளிகைக்காகவும் நீ அப்பாவை விட்டுக்கொடுத்துவிட்டாய்.

மாமா இப்போது உன் அப்பா. அப்படியானால் நீ எனக்கு மாமன் மகன், முறைமாப்பிள்ளை. பக்கத்து வீட்டு பிரிஜெட்டிடம் சொன்னால் பூவும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. என் போனை எடுத்துப் பார்க்கிறார் என்பதால்தான் கடிதமாக எழுதுகிறேன். மூச்சிரைப்பு கூடியிருக்கிறது. கல்லறைத் திருநாளன்று அப்பாவின் கல்லறைக்கு நீ வருவாய் என்று உன் அறையைத் தினமும் கூட்டச் சொல்கிறார். வந்து நீயே அவரிடம் சொல்.

உன் அக்கா
குளோரியா

*

ராவென்ஃபெல்ட்
2 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபத்திலும் உன் கையெழுத்து கலையவில்லை.

அம்மாவிடம் பறித்ததைத் திரும்ப வாங்குகிறேன், அவ்வளவுதான். வம்சத்தின் ஒப்பந்தப்படி, தகுதி பார்க்காமல் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு எதுவும் கிடையாது. மாமாவின் பிள்ளைக்கு உண்டு. மாமாவுக்கோ பிள்ளை இல்லை. நான் விட்டிருந்தால் எல்லாம் யாரோ தூரத்து உறவினருக்குப் போயிருக்கும். காகிதத்தில் யார் மகனாக இருந்தால் என்ன? ரத்தம் லாசருடையதுதானே.

ஒன்றைத் திருத்திக்கொள். அம்மாவுக்குத் தெரியும். அவர் சம்மதத்தோடுதான் எல்லாம் நடந்தது. ஜூன் மாதம் ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று என்று ஜெர்மன் தூதரகத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போனாயே, அன்று கையெழுத்தானது இதுதான். உன்னிடம் சொல்ல வேண்டாமென்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

நவம்பர் 2க்கு வர முடியாது. இங்கும் அன்றுதான் கல்லறைத் திருநாள். குடும்பக் கல்லறை மண்டபத்தில் முதல் மெழுகுவர்த்தியை வாரிசுதான் ஏற்ற வேண்டும். மாமா விருந்தினர்களை அழைத்துவிட்டார். கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அன்புடன்
ஆஷ்லி

*

லிங்கராஜபுரம், பெங்களூரு
17 அக்டோபர் 2025

ஆஷ்லிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அம்மாவிடம் கேட்டேன். ஜூன் மாதம் தூதரக வாசலில் இளநீர் வாங்கிக்கொண்டு காத்து நின்றவள் நான். ஓர் உயிர்ச்சான்றுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ஜெர்மன் அவருடைய தாய்மொழி. ஒரு வரி விடாமல் படித்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லலே?”

“சொன்னா நீ பேப்பர்ல போட்டுடுவே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

“எங்கப்பா என்னைப் போடின்னு துரத்தினாரு. என் பையன் போறேன்னு கேட்டான். மாட்டேன்னு சொன்னா நானும் அந்த வீட்டுக்காரி மாதிரிதானே ஆயிடுவேன்? ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் குளோரி. கல்லறைத் திருநாளுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏத்தி, அப்பாகிட்ட நீயே சொல்லிடுடான்னேன். கண்டிப்பா வரேன்னான்.”

நீ வரவில்லை என்பதைப் பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உன் கடிதத்தையே கையில் கொடுத்தேன். தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார், நேரமாயிற்று. முதல் மெழுகுவர்த்தி என்று நீ எழுதிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“அந்த மண்டபம் ரொம்பக் குளிரும். ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லு” என்றார்.

மறுநாள் உன் அறையைக் கூட்டச் சொல்லவில்லை.

ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் கல்லில் என்ன வெட்டியிருக்கிறது என்பது உனக்குத் தெரியும். அன்பு மனைவி தெரேசியா, மகன் ஆஷ்லி, மகள் குளோரியா. திருநாளுக்கு முன்னால் வருடாவருடம் அந்த எழுத்துகளுக்குக் கறுப்பு மை தீட்டுவோம். தீட்டாத எழுத்து ஒரே மழைக்காலத்தில் கல்லோடு கல்லாகிவிடும். மை தீட்டுபவர் நேற்று போன் செய்து, எல்லாப் பெயருக்கும் வழக்கம்போலத்தானே என்று கேட்டார். போனை அம்மாவிடம் நீட்டினேன்.

“நீங்க வாங்க, அங்கேயே சொல்றேன்” என்றார்.

முதல் மெழுகுவர்த்தியை இந்த வருடம் நான் ஏற்றுகிறேன். அது முடிவாகிவிட்டது. உன் பெயரைப் பற்றி அம்மா இன்னும் எதுவும் சொல்லவில்லை. மை தீட்டுபவர் 30ஆம் தேதி காலை வருகிறார். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிப்பது 2ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு. அதற்குள் மை காய்ந்துவிடும்.

குளோரியா லாசர்